சின்னக் கால் எல்லாம் குழந்தைக் கால் இல்லை!

உயரம் குறைந்த மனிதர்களை வைத்துப் படம் எடுக்கத் தமிழ் சினிமாவுக்கு இரண்டே வழிதான் தெரியும். ஒன்று, நல்ல உயரமான ஹீரோவைப் பிடித்து அவருடைய முழங்காலை மடக்கிக் கட்டிவிடுவது. இன்னொன்று, நிஜமாகவே உயரம் குறைந்த முன்னூறு பேரைத் தேடிப் பிடித்து, வேஷம் கட்டி, ஒரு தீவில் இறக்கிவிட்டு, அவர்களுக்கு நடுவில் ஆறடி ஹீரோவை நிறுத்துவது. முதல் வழியில் வந்தது 1989-ல் 'அபூர்வ சகோதரர்கள்'. இரண்டாவது வழியில் வந்தது, மலையாளத்தில் வினயன் 2005-ல் எடுத்து 2007-ல் தமிழுக்கு வந்த 'அற்புதத் தீவு'. முதலாவதைத் தமிழ்நாடே தலையில் வைத்துக் கொண்டாடியது. இரண்டாவதைக் "குழந்தைங்க படம்பா" என்ற ஒரே வார்த்தையில் ஓரம் கட்டிவிட்டது.

இரண்டிலும் இருக்கும் கோளாறு ஒன்றேதான். அதை மற்றவர்கள் கவனிக்காவிட்டாலும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கத்து ஜனங்களாவது கவனித்திருக்க வேண்டும். ஏன் என்பதற்குப் பிறகு வருவோம். முதலில் அப்பு.

அபூர்வ சகோதரர்கள் மோசமான படம் என்று சொன்னால் அடிக்க வருவார்கள். சொல்லத் தேவையும் இல்லை. சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கம், கிரேஸி மோகன் வசனம், நாகேஷ், டெல்லி கணேஷ், ஜெய்சங்கர், நாசர் என்று நான்கு வில்லன்கள், நான்கு விதமான பழிவாங்கல். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் கைக்கு எட்டாத காலத்தில், முழங்காலில் பிரத்யேக ஷூ மாட்டியும், நிற்கும் இடத்தில் குழி வெட்டியும், கேமரா கோணத்தை மாற்றி மாற்றி வைத்தும் செய்த வேலை அது. இன்றைக்குப் பார்த்தாலும் வாய் பிளக்கத்தான் வைக்கும்.

ஆனால் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக அந்தப் படத்தைப் பற்றி டீக்கடையில் கேட்கப்படும் கேள்வி எது? "காலை எங்கே ஒளிச்சு வெச்சாரு?" அவ்வளவுதான். பாராட்டு முழுவதும் கண்ணில் படாத ஒரு ஜோடிக் காலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதே காட்சிகளில், அப்புவுக்குப் பக்கத்திலேயே, சர்க்கஸ் கூட்டாளிகளாக நிஜமாகவே அந்த உயரத்தில் உள்ள மனிதர்கள் நிற்கிறார்கள், ஆடுகிறார்கள், அப்புவின் கல்யாணக் கனவுக்குக் கொட்டு அடிக்கிறார்கள். அவர்கள் காலை எங்கே வைத்திருந்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. இருந்த இடத்தில்தான் வைத்திருந்தார்கள். அதனால்தான் கேட்கவில்லை போலிருக்கிறது. அவர்களில் ஒருவர் பேரைச் சொல்லுங்கள் பார்ப்போம். படத்தைப் பத்துத் தடவை பார்த்தவர்களுக்கும் தெரியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் அந்தப் படத்துக்கு ஒரு சலாம் போட்டே ஆக வேண்டும். அப்பு குழந்தை இல்லை. அவனுக்கு ஆசை இருக்கிறது. சர்க்கஸ் முதலாளியின் மகள் தன்னைக் காதலிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போகிறான், அங்கே வேறொருவனுக்கும் அவளுக்கும் நடக்கும் கல்யாணத்துக்குத் தான் சாட்சி மட்டும்தான் என்று தெரிந்து உடைந்துபோகிறான். சாகப் போகிறான். அப்புறம் கொலை செய்கிறான், அதுவும் திட்டம் போட்டு, ரசித்து ரசித்து. ஆசை, அவமானம், வன்மம் என்று ஒரு முழு வயசு ஆளுக்கு உள்ளதெல்லாம் அப்புவுக்கு உண்டு. தமிழில் உயரம் குறைந்த ஒரு பாத்திரத்துக்கு இவ்வளவு கொடுத்த படம் இன்னொன்றைச் சொல்வது கஷ்டம். அவ்வளவையும் கொடுத்துவிட்டு, அதை நடிக்கும் வேலையை மட்டும் உயரமானவரிடம் கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

கமல் ரசிகர்கள் இந்த இடத்தில் "அவரைத் தவிர வேற யாரு இதைப் பண்ணியிருக்க முடியும்?" என்பார்கள். சரியான பதில்தான், கேள்விதான் தப்பு. உயரம் குறைந்த நடிகர் யாருக்கும் அப்படி ஒரு பாத்திரம் அதற்கு முன்னால் கிடைத்ததே இல்லை என்றால், யாரால் முடியும் என்று எப்படித் தெரியும்? 1977-ல் 'நவரத்தினம்' படத்தில் வந்து, 2013-ல் காலமாகும் வரை தமிழ் சினிமாவில் முகம் காட்டியவர் குள்ளமணி. முப்பது வருஷத்துக்கு மேல் சினிமாவில் இருந்த ஒரு நடிகருக்குக் கிடைத்தது என்ன? ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். உயரமானவர்கள் அடிக்கும் ஜோக்குக்கு இலக்காக நிற்பது. பேரிலேயே அளவை எழுதி ஒட்டிவிட்டார்கள். உயரமாக இருக்கும் நடிகர் யாருக்காவது 'நெட்டை' என்று டைட்டில் கார்டில் போட்டார்களா?

மலையாளத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? அஜயகுமார் என்ற நடிகர் 1986-ல் 'அம்பிளி அம்மாவன்' என்ற படத்தில் சின்னப் பையனாக நடித்தார். அதில் அவர் பாத்திரத்தின் பேர் உண்டபக்ரு. படம் மறந்துபோனது, பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பிறகு கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்ததும் 'கின்னஸ் பக்ரு' ஆனார். முழுநீளப் படத்தில் முக்கியப் பாத்திரத்தில் நடித்தவர்களில் உலகத்திலேயே உயரம் குறைந்தவர் என்பது சாதனை. 76 சென்டிமீட்டர். அந்தச் சாதனையைத் தந்த படம்தான் அற்புதத் தீவு.

கதை தெரியாதவர்களுக்கு: வாமனபுரி என்று ஒரு தீவு. ஒரு சாபத்தால் அங்கே ஆண்கள் எல்லோரும் குள்ளர்கள். பெண்கள் எல்லோரும் சாதாரண உயரம். படகு கவிழ்ந்து வெளியுலகத்து ஆண்கள் சிலர் கரை ஒதுங்குகிறார்கள். அதில் ஒருவர் பிருத்விராஜ். இளவரசிக்கு அவர்மேல் காதல். அவளைக் கட்டிக்கொள்ள நினைக்கும் கஜேந்திரனாகப் பக்ரு. நடுவில் மனிதனைத் தின்னும் ராட்சதர்கள். முன்னூறுக்கும் மேற்பட்ட உயரம் குறைந்த மனிதர்கள் நடித்த படம். குழந்தைகள் கைதட்டிப் பார்க்கும்படி எல்லாமே உண்டு. வினயனுக்கு இருந்த துணிச்சலும் கொஞ்சநஞ்சம் இல்லை, முன்னூறு பேரைச் சேர்ப்பது சும்மா இல்லை.

ஆனால் கதையை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். இளவரசி யாருக்கு? உயரமானவனுக்கு. தீவைக் காப்பாற்ற வெளியிலிருந்து யார் வர வேண்டும்? உயரமானவன். தலைமுறை தலைமுறையாக அதே தீவில், அதே உயரத்தில், அதே பெண்களோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்த ஆண்கள், ஓர் ஆறடி ஆள் கரை ஒதுங்கியதும் திடீரென்று ஆண்களாகவே இல்லாமல் போகிறார்கள். கஜேந்திரனின் காதல் அரங்கத்தில் சிரிப்பை வரவழைக்கிறது. பிருத்விராஜின் காதல் டூயட்டை வரவழைக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று யார் கண்ணிலும் பட்டதாகத் தெரியவில்லை. அந்தத் தீவில் உயரம் குறைந்த பெண் ஒருத்திகூட இல்லை. சாபம் ஆண்களுக்கு மட்டுமாம்! உலகத்தில் உயரம் குறைந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பெண்கள். குள்ளர்களுக்காகவே ஒரு தீவைக் கற்பனை செய்தபோதுகூட அந்தப் பெண்களுக்கு அதில் ஒரு குடிசை ஒதுக்கத் தோன்றவில்லை. உயரம் குறைந்த ஆண் சிரிப்புக்காவது வேண்டும். உயரம் குறைந்த பெண் சினிமாவுக்கு எதற்கும் வேண்டாம்.

இந்தப் படம் தொடங்கிய கதை அதைவிட வேடிக்கை. அப்போது பிருத்விராஜுக்கு மலையாள சினிமா உலகில் தடை மாதிரி ஒரு நெருக்கடி. அவர்தான் ஹீரோ என்று சொன்னால் மற்ற நடிகர்கள் கையெழுத்துப் போடமாட்டார்கள். அதனால் பக்ருதான் ஹீரோ என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று பக்ருவே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சந்தோஷமாகத்தான் சொன்னார், அது அவருடைய பெருந்தன்மை. ஆனால் யோசித்துப் பாருங்கள். உயரம் குறைந்தவர் ஹீரோ என்பது ஒப்பந்தப் பத்திரத்துக்கு உபயோகப்பட்டது. போஸ்டருக்கு?

சரி, இவர்கள் எல்லாம் ஏன் குள்ளமானார்கள்? அபூர்வ சகோதரர்களில், கர்ப்பமாக இருந்த தாய்க்கு வில்லன்கள் கொடுத்த விஷம். அற்புதத் தீவில் சாபம். விஷம் அல்லது சாபம்! மூன்றாவது காரணம் ஒன்று இருக்கிறது, அதைச் சொன்னால் கதை சப்பென்று ஆகிவிடும் போல. அகோண்ட்ரோபிளேசியா என்பதுதான் இதில் அதிகம் காணப்படும் வகை. ஒரு மரபணுவில் ஏற்படும் ஒரு சின்ன மாற்றம். அப்படிப் பிறப்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் சாதாரண உயரமுள்ள அப்பா அம்மாவுக்குத்தான் பிறக்கிறார்கள். யாரும் யாருக்கும் விஷம் வைக்கவில்லை, எந்த முனிவரும் கோபப்படவில்லை. ஆனால் அப்படி ஒரு பிள்ளை பிறந்த வீட்டில் முதல் வாரமே கிசுகிசுப்பு தொடங்கிவிடுகிறது. பெற்றவள் என்ன பாவம் செய்தாளோ, கிரகணத்தில் வெளியே போனாளோ என்று. சினிமா அந்தக் கிசுகிசுப்பை இரண்டரை மணி நேரத்துக்கு இழுத்து, பாட்டுப் போட்டுக் கொடுக்கிறது.

இப்போது ஆம்பூருக்கு வரலாம்.

'குழந்தைகள் படம்' என்ற முத்திரைக்குப் பின்னால் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. உடம்பு சின்னது, ஆகவே ஆள் குழந்தை மாதிரி. ஆகவே குழந்தைகளுக்குப் பிடிக்கும், ஆகவே இது குடும்பப் படம். இந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்று ஷூ கம்பெனியில் ஒரு மாசம் வேலை பார்த்தவர்களுக்கும் தெரியும். கட்டிங்கில் தோலை வெட்டி, ஸ்டிச்சிங்கில் அப்பர் தைத்து முடித்ததும், லாஸ்டிங்குக்கு வரும். லாஸ்ட் என்பது கால் வடிவத்தில் இருக்கும் அச்சு. முன்பு மரத்தில் இருந்தது, இப்போது பிளாஸ்டிக். அதன்மேல் அப்பரை இழுத்துப் பிடித்து ஒட்டினால்தான் ஷூவுக்கு உருவம் வரும். பிரிட்டிஷ் அளவில் ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் வித்தியாசம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஐரோப்பிய அளவில் ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. பிரிட்டிஷ் கணக்கில் குழந்தைகள் சைஸ் 13 வரைக்கும் போகும், அதற்கு மேல் மறுபடி 1 என்று பெரியவர்கள் வரிசை ஆரம்பிக்கும். இந்தக் கோட்டை எங்கே போடுவது என்று அந்தத் தொழில் அவ்வளவு கவனமாக இருக்கிறது.

குழந்தையின் கால் என்பது பெரியவர் காலைச் சின்னதாக ஜெராக்ஸ் எடுத்தது இல்லை. விகிதமே வேறு. அதேபோல, உயரம் குறைந்த ஒரு பெரியவரின் கால், நீளத்தை மட்டும் அளந்தால் பள்ளிக்கூடப் பிள்ளை சைஸ் வரலாம். ஆனால் பலருக்கு அகலமும் மேல்பக்கத்து உயரமும் வளர்ந்த ஆளுடையது. பிள்ளைகள் ஷூவுக்குள் அது போகாது. போனாலும், நாற்பது வயசு மனிதர் கார்ட்டூன் பொம்மை போட்ட ஷூவோடு ஆபீஸுக்கா போவார்? சின்னக் கால் எல்லாம் குழந்தைக் கால் இல்லை. உலகத்துக்கே செருப்பு தைக்கும் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சினிமாக்காரர்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் நீளத்தை மட்டும் அளந்துவிட்டுக் குழந்தை லாஸ்டை எடுத்துவிடுகிறார்கள்.

உள்ளங்கையில் நிற்கும் அளவுள்ள கற்பனை மனிதர்கள் விஷயத்திலும் இதே கதைதான். 2003-ல் 'ஜஜந்தரம் மமந்தரம்' என்று ஓர் இந்திப் படம் வந்தது. ஜாவேத் ஜாஃப்ரி ஒரு தீவில் ஒதுங்குகிறார், அங்கே எல்லோரும் விரல் அளவு. கலிவர் கதையேதான். அங்கேயும் பெரிய உருவம்தான் காப்பாற்ற வருகிறது. ஆனால் 1726-ல் ஜொனாதன் ஸ்விஃப்ட் எழுதிய மூலக் கதை அப்படி இல்லை! பள்ளிக்கூட நான்-டீடெயில் சுருக்கத்தில் அது குழந்தைக் கதையாகிவிட்டது, அசலில் லில்லிபுட்காரர்கள் தேர்ந்த அரசியல்வாதிகள். அங்கே இரண்டு கட்சிகள். எதில் பிரிந்தார்கள் தெரியுமா? ஷூவின் குதிகால் உயரத்தில்! ஹை ஹீல் கட்சி, லோ ஹீல் கட்சி. (ஆம்பூரில் கிளை திறந்திருக்கலாம்.) உதவி செய்த கலிவரின் கண்ணைப் பிடுங்கத் தீர்மானம் போடுகிற அளவுக்கு விவரமானவர்கள். ஆறு அங்குல உயரம், ஆனால் ஒருவரும் குழந்தை இல்லை. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பாதிரியாருக்குப் புரிந்தது.

குழந்தைகளுக்கான படமாகவே எடுத்தாலும் இதைச் செய்ய முடியும் என்பதற்கு இன்னொரு உதாரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் மேரி நார்ட்டன் 1952-ல் எழுதிய 'தி பாரோயர்ஸ்'. வீட்டுத் தரைக்கு அடியில் ஒரு குட்டிக் குடும்பம், அப்பா, அம்மா, ஒரு பெண். மேலே வாழும் பெரிய மனிதர்களின் ஊசி, பொத்தான், தீப்பெட்டி இவற்றை 'இரவல்' வாங்கிக்கொண்டு பிழைக்கிறார்கள். 1997-ல் ஆங்கிலத்தில் படமாக வந்தது. 2010-ல் ஜப்பானின் ஜிப்லி ஸ்டூடியோ 'அரியெட்டி' என்று கார்ட்டூனாக எடுத்தது. அந்தக் குட்டி அப்பாவின் கைத்தொழில் என்ன தெரியுமா? செருப்பு தைப்பது! பழைய ஆட்டுத்தோல் கையுறையை வெட்டி, பொத்தான் வைத்த பூட்ஸ் தைக்கிறார். பேர் பாட். கால் வலிக்கும், சம்பாதிக்க வேண்டும், பொண்ணை வெளியே அனுப்பப் பயம், பெண்டாட்டி தொணதொணப்பு. ஆம்பூர் பெத்லகேம் பக்கம் எந்த வீட்டிலும் பார்க்கக்கூடிய அப்பா. ஜிப்லி படத்தில் கேமரா அந்தக் குடும்பத்தின் கண் மட்டத்திலேயே நிற்கிறது. தேநீர்க் கெண்டியிலிருந்து ஒரே ஒரு சொட்டுதான் விழுகிறது, அதுவே ஒரு கோப்பை. சமையலறை மேஜையின் கால் மலையுச்சி மாதிரி. குண்டூசி கிடைத்தால் அது வாள். சாகசம் வேண்டுமா, அதுதான் சாகசம். ராட்சதன், சாபம் ஒன்றும் தேவைப்படவில்லை. பார்க்கும் குழந்தை அந்தக் குட்டி மனிதர்களைப் பார்த்துச் சிரிப்பதில்லை, அவர்களோடு சேர்ந்து பயப்படுகிறது.

ஐரோப்பாவின் பழங்கதைகளில் குட்டி மனிதர்களுக்குச் செருப்புத் தொழிலைக் கொடுப்பது ஒரு வழக்கமாகவே இருந்திருக்கிறது. அயர்லாந்தின் லெப்ரகான் செருப்பு தைப்பவன். ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதையில், ஏழைச் செருப்புக்காரன் தோலை வெட்டி வைத்துவிட்டுத் தூங்கப் போவான், ராத்திரி இரண்டு குட்டி மனிதர்கள் வந்து தைத்து வைத்துவிட்டுப் போவார்கள். கண்ணுக்குத் தெரியாத கைகள். இன்றைக்கு ஐரோப்பியக் கடையில் விற்கும் ஷூவின் அப்பரை ஆம்பூரைச் சுற்றி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஜோடிக்குப் பத்து ரூபாய் அளவில் கைத்தையல் போட்டுக் கொடுக்கும் பெண்களைப் பற்றி 2016-ல் ஓர் அறிக்கை வந்தது. அந்தக் கைகளும் கடைக்காரனுக்குத் தெரியாத கைகள்தான். அது தனியாகப் பேச வேண்டிய சங்கதி. கிரிம் கதையில் கடைசியில், யார் தைக்கிறார்கள் என்று ஒளிந்திருந்து பார்க்கும் செருப்புக்காரனும் மனைவியும், அந்தக் குட்டி மனிதர்கள் துணியில்லாமல் இருப்பதைப் பார்த்து, அவர்கள் அளவுக்குச் சட்டையும் செருப்பும் தைத்து வைப்பார்கள். இவ்வளவு நாள் நமக்குத் தைத்தவர்களுக்குச் செருப்பு உண்டா என்ற கேள்வி, அந்தப் பாட்டி காலத்துக் கதைக்குத் தோன்றியிருக்கிறது.

"சும்மா குறை சொல்லாதீங்க, அந்தப் படம் முன்னூறு பேருக்குச் சோறு போட்டதே" என்று ஒரு கட்சி உண்டு. நியாயமான கட்சி, ஒதுக்கிவிட முடியாது. ஹாலிவுட்டிலும் இதே சண்டைதான். 2022-ல் பீட்டர் டிங்க்லேஜ் என்ற, 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' புகழ் நடிகர், ஸ்னோ ஒயிட்டையும் ஏழு குள்ளர்களையும் டிஸ்னி திரும்பவும் எடுப்பதைப் பிடித்து உலுக்கினார். குகைக்குள் வாழும் குள்ளர்கள் என்ற பத்தாம்பசலிக் கதையை இன்னும் விடவில்லையா என்று கேட்டார். உடனே உயரம் குறைந்த வேறு நடிகர்கள், "உங்களுக்கு வேலை இருக்கிறது, எங்கள் வாயில் ஏன் மண்ணைப் போடுகிறீர்கள்" என்று திருப்பிக் கேட்டார்கள். டிஸ்னி என்ன செய்தது? 2025-ல் வந்த படத்தில் ஏழு பேரையும் கம்ப்யூட்டரிலேயே செய்துவிட்டது. அவமானமும் தீரவில்லை, வேலையும் போச்சு.

வேலை கொடுத்தோம் என்பவர்கள் கூலியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1939-ன் 'விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் மஞ்ச்கின்களாக நூற்றுக்கும் மேற்பட்ட உயரம் குறைந்தவர்கள் நடித்தார்கள். படத்தில் வரும் டோட்டோ நாய்க்கு வாரம் 125 டாலர், அவர்களுக்கு அதில் பாதிகூட இல்லை என்பது ஹாலிவுட்டில் எல்லோரும் சொல்லும் கதை. 2005-ல் 'சார்லி அண்ட் தி சாக்லேட் ஃபேக்டரி' வந்தபோது தொழில்நுட்பம் இன்னும் முன்னேறிவிட்டது. அத்தனை ஊம்பா லூம்பாக்களையும் தீப் ராய் என்ற ஒரே நடிகரை வைத்து எடுத்து முடித்தார்கள். தீப் ராய் இந்தியப் பெற்றோருக்கு நைரோபியில் பிறந்தவர். அசாத்திய உழைப்பு அது, ஒவ்வோர் ஊம்பா லூம்பாவுக்கும் தனித்தனியாக நடித்தார். பாராட்டலாம். ஆனால் 1971-ல் அதே கதையைப் படமாக்கியபோது பத்துப் பேருக்குக் கிடைத்த வேலை அது. ஆக, சினிமா இவர்களுக்கு வேலை கொடுத்தது வேறு வழி இல்லாத வரைக்கும்தான். முழங்காலை மடக்குவது, கேமரா, கம்ப்யூட்டர் என்று வழி கிடைக்கக் கிடைக்க வாசல் மூடிக்கொண்டே வருகிறது.

அற்புதத் தீவு வந்த வருஷங்களில் இங்கே நிலைமை இன்னும் மோசம். 1995-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழே ஏழு வகைகள்தான். குள்ளத்தன்மை என்று தனியாக அதில் கிடையாது. 2016-ல் வந்த புதுச் சட்டம்தான் ஏழை இருபத்தொன்றாக ஆக்கியது. பெரியவரானதும் 4 அடி 10 அங்குலம், அதாவது 147 சென்டிமீட்டர், அல்லது அதற்குக் கீழே உயரம் ஏற்படும் நிலை என்று வரையறை எழுதி, அரசு வேலை இடஒதுக்கீட்டிலும் பெயரைச் சேர்த்தது. அதாவது, அந்த முன்னூறு பேரும் தீவில் வேஷம் கட்டி ஆடியபோது, கேமராவுக்குத் தெரிந்த அவர்கள் உயரம் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை. டிக்கெட் விற்க உயரம் உண்டு, சான்றிதழ் வாங்க உயரம் இல்லை. சட்டம் பத்து வருஷம் கழித்தாவது திருத்திக்கொண்டது.

தெருவில் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். 1989-க்குப் பிறகு தமிழ்நாட்டில் உயரம் குறைந்த ஆண் எவரும் பள்ளிக்கூட வாசலைத் தாண்டும்போது 'அப்பு' என்ற கூப்பாடு கேட்காமல் போனதில்லை. கூப்பிட்ட பிள்ளைகள் படத்தைப் பார்த்து ரசித்தவர்கள்தான், கெட்டவர்கள் இல்லை. அப்புவின் அவமானத்துக்கு அரங்கத்தில் அழுதவர்களாகவும் இருக்கலாம். வெளியே வந்து அதே அவமானத்தை இன்னொருவருக்குச் செய்தார்கள். பெரியவர்களும் சளைத்தவர்கள் இல்லை. ஐம்பது வயசு மனிதரை "வாடா" என்று கூப்பிட, தலையில் தட்ட, தூக்கிப் பார்க்க யாரும் யோசிப்பதில்லை. நரை விழுந்தவரைத் தூக்கி வைத்துப் போட்டோ எடுக்கும் உரிமை எங்கிருந்து வந்தது? உடம்பு சின்னது, ஆகவே குழந்தை. அதே தப்புக் கணக்கு.

மலையாளத்தில் 2019-ல் 'இளையராஜா' என்று ஒரு படம் வந்தது. (இசைஞானி பற்றி இல்லை!) மாதவ் ராமதாசன் இயக்கம். அதே பக்ரு. திருச்சூரில் கடலை விற்கும் வனஜன் என்ற குடும்பஸ்தன். பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், கடன், படிப்பு. சாபமும் இல்லை, சர்க்கஸும் இல்லை. உயரத்தைப் பற்றிப் படம் வாயே திறக்காமல் இல்லை, ஆனால் கதை உயரத்தில் தொங்கிக்கொண்டு நிற்கவில்லை. முடியாது முடியாது என்று சொல்லப்பட்டது, அதே நடிகரை வைத்து, பக்கத்து மாநிலத்தில், சின்ன பட்ஜெட்டில் முடிந்திருக்கிறது. தமிழில் அவரைச் சர்க்கஸ் கூடாரத்துக்கும் ஹீரோவின் நண்பன் வேஷத்துக்கும் வெளியே யாரும் கற்பனை செய்து பார்க்கவில்லை.

சாகசப் படமே வேண்டும், குழந்தைகள் கைதட்ட வேண்டும் என்றால் அதற்கும் தீவு தேவையில்லை. ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் டேபிளில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் மூன்றே கால் அடி. ஷிஃப்ட்டுக்கு முன்னால் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கும் பஸ்ஸின் முதல் படி அவளுக்கு இடுப்பளவு. டிரைவர் ஹாரன் அடிக்கிறார், பின்னால் ஐம்பது பேர் முட்டுகிறார்கள். ஏறிவிட்டால் கம்பி எட்டாது. இறங்கினால் ஏ.டி.எம். எட்டாது, ரேஷன் கடை ஜன்னலில் அவள் நிற்பதே உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. கம்பெனியில் அவள் கையில் தினம் நூற்றுக்கணக்கான ஜோடிகள் போகும், ஒன்றுகூட அவள் காலுக்குச் சேராது. கேமராவை மட்டும் அவள் கண் மட்டத்துக்கு இறக்கி வைத்தால் போதும், கிராஃபிக்ஸ் செலவே இல்லை. நடிக்க ஆள் கிடைக்காது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். ஒரு தீவையே நிரப்ப முன்னூறு பேரைத் தேடிப் பிடித்த சினிமாவுக்கு, ஒருத்தியைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகும்?